பதினேழாம் கேள்விக்கு ஓர் ‘ஆம்’

அவளை எடைக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர். ஒன்பது வருடத்தில் பட்டம் மாதிரி ஆகிவிட்டது. விமான நிலையத்தில் பயணிகள் நடமாடும் பக்கத்துக்கு அவள் இருப்பதே தெரியாது. சரக்குக் கிடங்கின் மாடியில், ஒரு ஜன்னலும் இரண்டு கணினியும் ஆறிப்போன தேநீர்க் கோப்பைகளும் உள்ள அறை அவளுடையது. விமானத்தில் எத்தனை பேர், எத்தனை பெட்டி, எவ்வளவு எரிபொருள், எந்தச் சரக்கு முன்பக்கம், எது பின்பக்கம் என்று கூட்டிக் கழித்து, மொத்த எடை எந்த இடத்தில் போய் நிற்கிறது என்று கண்டுபிடித்து, ஒரே தாளில் எழுதி விமானிக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தாள் போகாமல் விமானம் ஓரடி நகராது. கையெழுத்து விமானியுடையது. கணக்குப் போட்டவள் பெயர் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்.

விமானி ஆக வேண்டும் என்று அவள் சின்ன வயதில் கனவு கண்டதெல்லாம் கிடையாது. அந்த ஆசை எரிச்சலில் பிறந்தது. முப்பத்திரண்டாவது வயதில் ஒருநாள், தாளைக் கையில் கொடுக்க அவளே விமானத்துக்குள் போயிருந்தாள். விமானி அதை வாங்கி, பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் திருப்பினார்.

“படிக்கலையா சார்?”

“இதெல்லாம் யாரும்மா படிக்கிறா? சரியாத்தானே இருக்கும்.”

படி இறங்கும்போது அவளுக்குக் காது மடல் சுட்டது. அந்த நாற்காலியில் இந்தத் தாளைப் படிக்கிற ஒரு ஆள் உட்கார வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த மாதமே ஒரு பறக்கும் பள்ளியில் வார இறுதி வகுப்பில் சேர்ந்தாள். முதல் கட்டத்தில் நன்றாகவே ஓட்டினாள். தொழில்முறைப் பயிற்சிக்குப் போக வேண்டுமானால், அரசு அங்கீகரித்த மருத்துவர் ‘தகுதி உண்டு’ என்று எழுதித் தர வேண்டும். கண், காது, ரத்தம், இதயம் எதிலும் அவளுக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் விண்ணப்பத்தின் பதினேழாம் கேள்வியில் இருந்தது. ‘மனநலம் சார்ந்த சிகிச்சை எப்போதாவது பெற்றதுண்டா?’

பெற்றதுண்டு.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மதியம். ஒரு விமானத்தின் தாளை அனுப்பிவிட்டு, பழக்க தோஷத்தில் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். ஆயிரத்து இருநூறு கிலோ இயந்திரப் பாகம் ஒன்று, ஏற்றும் சீட்டில் நூற்றிருபது என்று விழுந்திருந்தது. சீட்டு எழுதியவன் ஒரு சைபரை முழுங்கியிருந்தான். ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த விமானத்தை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு நிறுத்தினாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நாற்பது நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மேலதிகாரி அவளிடம் எழுதி வாங்கினார். சைபரை முழுங்கியவனிடம் யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை. தவறு செய்தவனைவிட அதைக் கண்டுபிடித்தவள்தான் தொந்தரவு என்று நினைக்கும் அலுவலகங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அதுவும் அப்படி ஒன்று.

மூன்று வாரம் கழித்து, கடையில் வரிசையில் நின்றபோது அது வந்தது. கையில் ஒரு சோப்பும் ஆறு முட்டையும். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல் மரத்தது, கடையின் சுவர்கள் கிட்டே வந்தன. செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. முட்டையைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதே மாதத்தில் இன்னும் இரண்டு முறை ஓடினாள். நான்காவது முறை, பணியிலிருந்த இளம் மருத்துவர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“அக்கா, உங்க இதயம் குதிரை மாதிரி இருக்கு. கஷ்டம் அங்க இல்ல. மனநல மருத்துவருக்கு லெட்டர் தர்றேன், போய்ப் பாருங்க. பல் வலிச்சா பல் டாக்டர்கிட்ட போறதில்லையா, அது மாதிரிதான்.”

வீட்டில் அவள் கணவனுக்கு இந்த உவமை ரொம்பப் பிடித்துப்போனது. அவன் பல் செட் செய்கிறவன். வீட்டின் பின்னறை முழுக்க மாவுக்கட்டு மாவில் வார்த்த தாடைகள் பல்லை இளித்துக்கொண்டிருக்கும்.

“நான் அப்பவே பார்த்தேன். உன் கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சிருக்கு. தூக்கத்துல மாவாட்டுற மாதிரி கடிக்கிற. சொன்னா சண்டைக்கு வருவியேன்னு வாய மூடிக்கிட்டேன்.”

“சொல்லியிருக்கலாம்ல.”

“இப்ப சொல்றேன். போ.”

போனாள். பத்து மாதம் மாத்திரை, பதினாறு முறை பேச்சுச் சிகிச்சை. இதில் விதியும் கிடையாது, கிரகமும் கிடையாது. ஆபத்து இல்லாத இடத்தில் உடம்பு ஆபத்து மணியை அடிக்கிறது. அந்த மணியை எப்படிக் கேட்பது என்று மூளைக்குத் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மருத்துவர் அவளைப் பயங்களை எழுதி வரச் சொன்னார். அவள் தனக்குத் தெரிந்த விதத்தில் நோட்டில் கட்டம் போட்டாள்: மதிப்பீட்டு எடை ஒரு பக்கம், உண்மை எடை மறுபக்கம். ‘கூட்டப் பேருந்தில் மயங்கி விழுவேன். மதிப்பீடு தொண்ணூறு. நடந்தது: வியர்த்தது, இறங்கினேன், தக்காளி வாங்கினேன். உண்மை எடை பன்னிரண்டு.’ மருத்துவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். நூற்றுக்கணக்கான வரிகளுக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாயின. மாத்திரை நின்றது. அதன்பின் நாலு வருடம் வேலையிலும் வீட்டிலும் வானத்திலும் அவள் தடுமாறவில்லை.

இதைத்தான் எழுத வேண்டும். பறக்கும் பள்ளியின் குமாஸ்தாவோ வேறொன்று வைத்திருந்தார். ஏற்கெனவே நிரப்பி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்த ஒரு மாதிரி விண்ணப்பம்.

“இதப் பார்த்து அப்படியே இறக்கிடுங்க. ஒண்ணுலேர்ந்து நாப்பத்திரெண்டு வரைக்கும் எல்லாம் ‘இல்லை’. பேரு மட்டும் உங்க பேரப் போடுங்க. போன வருஷம் ஒருத்தர் பேரையும் சேர்த்து இறக்கிட்டார்.”

அவள் பேனாவை மூடினாள். “பதினேழு எனக்கு ‘ஆம்’ சார்.”

குமாஸ்தா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அதெல்லாம் வெளிய சொல்ற விஷயமாம்மா? நாலு வருஷம் ஆச்சு, நல்லா இருக்கீங்க. யாரு தோண்டப் போறா?”

பக்கத்து நாற்காலியில் இருந்த சக மாணவன் தலையை நீட்டினான். எல்லாத் தேர்விலும் அவனே முதல் என்பதால் முதல் மார்க் என்று பெயர். “அக்கா, அந்த ஃபார்ம்ல உண்மை எழுதுற இடம் பிறந்த தேதி மட்டும்தான். எல்லாரும் அப்படித்தான். நீங்க எழுதினா அம்புட்டுதான், ஓரங்கட்டிருவாங்க.”

“சரக்குல மறைச்சு ஏத்துற எடைதான் விமானத்தக் கவுக்கும். சொல்லிட்டு ஏத்துற எடைக்கு இடம் பண்ணிடலாம்” என்றாள் அவள்.

“நீங்க என்ன சரக்கா?” என்றார் குமாஸ்தா.

“உள்ள ஏறுற எல்லாம் சரக்குதான் சார். ஆளுக்கு எழுபத்தஞ்சு கிலோன்னு உங்களையும் சேத்துத்தான் கணக்குப் பண்றேன்.”

‘ஆம்’ என்று எழுதினாள். எழுதும்போது கை நடுங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடுங்காதவர்களின் துணிச்சலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நடுங்குகிற கையோடு கோணல்மாணலாக எழுதப்பட்ட அந்த இரண்டு எழுத்துக்கு இருக்கும் மதிப்பு தனி.

குமாஸ்தாவையும் முதல் மார்க்கையும் திட்டிப் பயனில்லை. அவர்கள் பொய்யை விரும்பிச் சொல்லவில்லை. பொய்க்குப் பரிசும் உண்மைக்குத் தண்டனையும் வைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டில் பிழைக்கக் கற்றுக்கொண்டவர்கள். பயத்துக்குச் சிகிச்சை எடுத்தவரை மாதக்கணக்கில் வாசலில் நிறுத்திவிட்டு, பயத்தை விழுங்கிவிட்டு வருகிறவரைக் கும்பிட்டு உள்ளே விடும் ஏற்பாடு யாரைக் காப்பாற்றுகிறது? பயணியையா? விமானியையா? காகிதங்களை மட்டும்தான்.

மருத்துவப் பரிசோதனை அறையில் இருந்தவர் ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சமுள்ள பெண் மருத்துவர். விண்ணப்பத்தை விரலால் மேய்ந்துகொண்டு வந்தவர் பதினேழில் நின்றார்.

“முப்பது வருஷமா இங்க உக்காந்திருக்கேன். இதுக்கு ‘ஆம்’னு எழுதினவங்கள ஒரு கை விரல்ல எண்ணிடலாம். மத்தவங்களுக்கெல்லாம் மனசே இல்ல போல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை ஏற்கெனவே இறுகிக்கொண்டிருந்தது. நூற்று எழுபத்திரண்டு. பத்து நிமிடம் கழித்து நூற்று எழுபத்தைந்து. அனுமதி நூற்று அறுபது வரைதான்.

“இப்ப ரெண்டு விஷயம் ஆச்சு. மனநலத்துக்கு ஒரு குழு உங்களப் பார்க்கும்; அதுக்கு மாசக்கணக்குல ஆகும். அழுத்தத்துக்கு, ஆறு வாரம் கழிச்சு இருபத்திநாலு மணி நேரம் கையில மிஷின் கட்டிப் பார்க்கணும். நான் ‘தகுதி இல்லை’ன்னு எழுதல. ‘முடிவு நிலுவை’ன்னு எழுதுறேன். வித்தியாசம் புரியுதா?”

“புரியுது டாக்டர். ஏத்தவும் இல்ல, இறக்கவும் இல்ல.”

ஆறு வாரம் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. அங்கேதான் தப்புப் பண்ணினாள். அவள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. சந்தேகம் வந்தால் மறுபடி எடை போடு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கினாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தொடங்கியது. காலையில் பார்த்தது கூடுதலாக இருந்ததால் சரிபார்க்க இன்னொன்று. அது இன்னும் கூடியதால் மூன்றாவது. சராசரி எடுக்க நாலாவது. இரண்டாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொரு முறை அளந்திருந்தாள். தேதி, நேரம், இடது கை, வலது கை என்று வரைபடமே போட்டாள். கோடு ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போனது. கருவியின் காற்றுச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

கணவன் ஒரு மேல் தாடையை அரத்தால் தேய்த்துக்கொண்டே வாசலில் வந்து நின்றான்.

“கொஞ்சம் அத எனக்குக் கட்டு.”

கட்டினாள். நூற்றுப் பதினெட்டு.

“இப்ப நீ என்னையே உத்துப் பாரு. பார்த்துக்கிட்டே இரு. மறுபடி அளவு.”

நூற்று முப்பத்தொண்ணு.

“பார்த்தியா. நீ பார்க்குற பார்வைக்கு இந்தப் பல்லு செட்டுக்கே அழுத்தம் ஏறும்.”

அவள் சிரித்தாள், சிரித்து முடிந்ததும் அழுதாள். மறுநாள், நாலு வருடமாகப் போகாத மனநல மருத்துவரிடம் போய் வரைபடத்தை மேசையில் விரித்தாள். அவர் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும் ரகம்.

“உங்க கிடங்குல, தராசுல ஏத்தினதும் எடை கூடுற சரக்கு ஏதாவது உண்டா?”

“கிடையாது.”

அவர் ஒன்றும் பேசவில்லை.

“இது அந்த மாதிரிச் சரக்கு இல்ல” என்று அவளே சொன்னாள், மெதுவாக. “இத எடை போடப் போட ஏறும்.”

“அப்போ என்ன செய்யலாம்?”

“தராச உள்ள வைக்கணும்.”

சொல்வது சுலபம். ஒன்பது வருடமாக அளப்பதையே பாதுகாப்பு என்று நம்பிய ஒருத்திக்கு அளக்காமல் இருப்பது, கைப்பிடி இல்லாத மாடிப்படியில் இறங்குவது மாதிரி. கருவியைக் கணவனிடம் கொடுத்தாள். அவன் அதைத் தாடைகள் அடுக்கிய அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, “முப்பத்திரண்டு பல்லு காவல் இருக்கு, தைரியமா போ” என்றான். முதல் வாரம் அவள் கை தானாக அந்தப் பின்னறைப் பக்கம் போனது. போகும்போதெல்லாம் அங்கேயே நின்று, வரும் பதற்றத்தை வரவிட்டு, அது ஏறி, நின்று, இறங்கும்வரை காத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் அது இறங்கத்தான் செய்தது. அதற்கு யாரும் கை தட்டவில்லை. தன் வீட்டு நடையில் தனியாக நின்றுகொண்டு ஒரு பெண் செய்த அந்த வேலை, எந்த விமானத்தையும் தரையிறக்குவதற்குக் குறைந்த வேலை அல்ல.

இருபத்திநாலு மணி நேரக் கருவியைக் கட்டிக்கொண்டு அவள் வேலைக்கே போனாள். அரை மணிக்கு ஒருமுறை பட்டை தானாக ஊதும். எண்ணைப் பார்க்க முடியாதபடி திரையை ஒட்டி மூடியிருந்தார்கள். முதல் மூன்று முறை உடம்பு துள்ளியது. நாலாவது முறை ஊதும்போது, பன்னிரண்டு பெட்டி மீனை எடை குறைத்து எழுதியிருந்த ஒரு சரக்குக் கம்பெனிக்காரனோடு அவள் தொலைபேசியில் இருந்தாள்.

“மேடம், ஐஸ் உருகிருச்சு, அதான் கம்மி.”

“உருகினது எங்க போச்சு? பெட்டிக்குள்ளதான இருக்கு? தண்ணிக்கு எடை கிடையாதுன்னு உங்க ஊர்ல யாரு சொன்னா?”

பட்டை ஊதி இறங்கியதையே அவள் கவனிக்கவில்லை. மொத்தச் சராசரி நூற்று இருபத்தொன்றுக்கு எழுபத்தெட்டு. மீன் சண்டையின்போது நூற்று இருபத்தாறு. அன்றைய உச்சம் நூற்று நாற்பத்தொன்பது. அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று பரிசோதனை அறை மருத்துவர் கேட்டார். நேரக் குறிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பறக்கும் பள்ளி குமாஸ்தா போன் பண்ணார். இன்னும் நேரம் இருக்கு, பதினேழாம் கேள்வியத் திருத்திக் குடுக்குறீங்களான்னு கேட்டார்.”

குழுவின் முன் அவள் உட்கார ஏழு மாதம் ஆனது. நீள மேசை, மூன்று மருத்துவர்கள். தலைவர் அவளுடைய விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் செய்வது அது.

“சிகிச்சையெல்லாம் சரி. ஆனா மேல, ஆகாசத்துல இருக்கும்போது உங்களுக்கு அது வந்துச்சுன்னா?”

உள்ளங்கை வியர்த்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

“வரலாம் சார். வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். அது எப்படி ஆரம்பிக்கும், எவ்வளவு நேரம் இருக்கும், அந்த நேரத்துல என் கை என்ன வேலையப் பண்ண முடியும்னு எனக்குத் தெரியும். பறக்குற வகுப்புல ரெண்டு தடவை லேசா வந்துச்சு. கத்துக் குடுக்கிறவர்கிட்ட சொன்னேன், வேலையப் பார்த்தேன், இறங்கினேன். அந்தக் குறிப்பும் கோப்புல இருக்கு.”

தலைவர் கோப்பை மறுபடி திறந்து தேடினார்.

“இப்பவும் எனக்கு வந்திருக்கு சார்” என்றாள் அவள். “இந்த நாற்காலில உக்காந்ததுலேர்ந்து. நெஞ்சு அடிச்சுக்குது. ஆனா நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுத்தானே இருக்கேன்.”

அவள் தொடர்ந்தாள்; அதற்குத்தான் அவளிடம் இருந்த எல்லாத் தைரியமும் தேவைப்பட்டது.

“ஒண்ணு கேக்கலாமா? மேல போய் வந்தா என்ன பண்ணுவேங்கிற கேள்விய, ‘இல்லை’ன்னு எழுதினவங்ககிட்ட நீங்க கேக்குறதுண்டா?”

ஓரத்தில் இருந்த உறுப்பினர் இருமினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

“கேக்குறதில்ல” என்றார் கடைசியில்.

பதினெட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. தகுதி உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மனநல மருத்துவரின் அறிக்கை தர வேண்டும். கணவன் கடிதத்தை இரண்டு முறை படித்தான். “ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பல்லையும் காட்டச் சொல்லி எழுதியிருக்கலாம்” என்றான். அவள் அந்த நிபந்தனையைக் குறையாக நினைக்கவில்லை. எல்லா விமானிகளுக்கும் அதை வைத்தால் என்ன என்பதுதான் அவள் கேள்வி. அவளோடு விண்ணப்பித்து ‘இல்லை’ என்று இறக்கியவர்கள் இதற்குள் பாதிப் பயிற்சியை முடித்திருந்தார்கள். ஏழு மாதமும் பதினெட்டு நாளும் உண்மைக்கு விதிக்கப்பட்ட அபராதம். அவள் கட்டிவிட்டாள். கட்ட வேண்டியிருந்ததே அநியாயம் என்பதை அவள் ஜெயித்ததால் மறந்துவிடக் கூடாது.

தொழில்முறைப் பயிற்சியில் அவள் சேர்ந்த மூன்றாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதல் மார்க் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். சாப்பிடவில்லை. கரண்டியால் தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

“உங்களப் பத்தி கிண்டல் பண்ணினது நான்தான்க்கா. ‘ஆம் அக்கா’ன்னு பேரு வச்சது.”

“தெரியும். எடைக்காரிய விட நல்லாத்தான் இருந்துச்சு.”

அவன் சுற்றிலும் பார்த்தான். “எனக்கு ரெண்டு வருஷமா இருக்கு. தூக்கம் கிடையாது. மருந்துக் கடையில தெரிஞ்சவன் மாத்திரை தர்றான், டாக்டர் சீட்டெல்லாம் இல்ல. மெடிக்கல் டெஸ்டுக்கு நாலு நாள் முன்னாடி நிறுத்திடுவேன்.”

“நிறுத்தின நாள்ல பறந்திருக்கியா?”

“மூணு தடவை.”

அவளுக்குக் கோபம் வந்தது, அவன்மேல் அல்ல. எல்லாத் தேர்விலும் முதலாவதாக வருகிற ஒருவனை, ஒரு டாக்டரிடம் வாய் திறக்கப் பயந்து கள்ளத்தனமாக மாத்திரை வாங்க வைத்த அந்தப் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதத்தின்மேல்.

“எழுதிக் குடுத்தா தள்ளி வைப்பாங்களாக்கா?”

“வைப்பாங்க.”

“எத்தன மாசம்?”

“எனக்கு ஏழு. உனக்கு இன்னும் கூட ஆகலாம். மாத்திரை எங்க வாங்கினன்னு கேப்பாங்க.”

“அப்போ சும்மா இருந்துடுன்னு சொல்றீங்களா?”

“நான் அப்படிச் சொல்லல. எவ்வளவு ஆகும்னு கேட்ட, சொன்னேன். குறைச்சுச் சொல்லி உன்ன ஏத்திவிட எனக்கு வராது.”

அவன் தலையாட்டினான். “நீங்க போற அந்த டாக்டர் எப்படி?” என்றான்.

“கேள்வி கேட்டுட்டு அம்மி மாதிரி உக்காந்திருப்பார். மொதல்ல எரிச்சலா வரும். புதன்கிழமை கூட்டம் கம்மி. வேணும்னா நானும் வர்றேன்.” பிறகு கேட்டாள்: “இன்னிக்கு உனக்குப் பறக்குற வகுப்பு எத்தன மணிக்கு?”

“நாலு.”

அவள் எதுவும் சொல்லவில்லை. மருத்துவரிடம் கற்ற பாடம் அது. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு தட்டைப் பார்த்தான். எழுந்து குமாஸ்தா அறைக்கு நடந்தான். வகுப்புப் பட்டியல் அந்த அறையின் கதவில்தான் மாட்டியிருக்கும். நாலு மணிக்கு நேரே இருந்த தன் பெயரை அவன் அடித்தான். காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் நின்றான். உள்ளேயிருந்து குமாஸ்தா, “ஜலதோஷம்னு போட்டுடுப்பா” என்றார்.

“ஜலதோஷம் இல்ல சார்” என்று சொல்லிவிட்டு அவன் எழுத ஆரம்பித்தான்.